சிவப்புக் கோட்டுக்கு வெளியே

ஊர் சொல்லும் வரலாறு: பாஸ்டன், பகுதி 2

சென்ற இதழில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதோடு நிறுத்தியிருந்தோம். 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு அந்தக் கூத்து நடந்த கிரிஃபின் துறைமேடையைப் போய்ப் பார்க்கலாமா என்றால், முடியாது. துறைமேடையும் இல்லை, அந்த இடத்தில் கடலும் இல்லை. கப்பல்கள் நின்ற தண்ணீரைப் பின்னாளில் தூர்த்துவிட்டார்கள். இன்று அதன்மேல் சாலை ஓடுகிறது, கட்டடங்கள் நிற்கின்றன. சற்றுத் தள்ளி, கால்வாயில் மாதிரிக் கப்பல்களை நிறுத்தி ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். கட்டணம் கட்டினால் நீங்களும் ஒரு பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் எறியலாம். பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறது. அடுத்தவர் எறிவதற்காக மேலே இழுத்துவிடுவார்கள்.

பாஸ்டனைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி இது. நாம் நடக்கிற நிலத்தில் பெரும்பகுதி மனிதன் போட்ட மண். 1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் வந்து இறங்கியபோது, இது ஒற்றையடிப் பாதை போன்ற ஒரு நிலத்துண்டால் மட்டும் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு தீபகற்பம். நடுவில் குன்றுகள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் குன்றுகளின் தலையைச் சீவி, மண்ணை மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் குளத்திலும் கடலோரத்திலும் கொட்டினார்கள். குன்றும் போயிற்று, குளமும் போயிற்று, நடுவில் மனைகள் முளைத்தன. உள்ளூர் மண் போதாமல்போனதும், 1850-களின் இறுதியிலிருந்து நீடம் என்ற பக்கத்து ஊரிலிருந்து இரவும் பகலும் ரயிலில் சரளைமண் வந்தது. அப்படி உருவானதுதான் இன்று ஊரிலேயே அழகான வீதிகள் என்று பெயரெடுத்திருக்கும் பேக் பே வட்டாரம்.

அங்கே 1877-ல் கட்டி முடித்த டிரினிட்டி தேவாலயம் ஏறத்தாழ 4,500 மரக்கம்பங்களின் மேல் நிற்கிறது. மரம் என்றால் உளுத்துப்போகாதா? நிலத்தடி நீரில் முழுக்க மூழ்கியிருக்கும்வரை உளுக்காது. காற்றுப் பட்டால்தான் ஆபத்து. ஆகவே நம் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடுமோ என்று பயப்படுகிறோம் என்றால், பேக் பே வீட்டுக்காரர்களுக்கு அடியில் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயம். நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து பார்ப்பதற்கென்றே நடைபாதைகளில் சிறு கிணற்றுக் குழாய்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் வழிகேட்டு அலைய வேண்டியதில்லை. தரையைப் பார்த்து நடந்தால் போதும். பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு போகிறது. சில இடங்களில் செங்கல், சில இடங்களில் வெறும் பெயின்ட். வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர் 1951-ல் கொடுத்த யோசனை இது. வந்தவர்கள் எல்லாம் வழிதவறி அலைகிறார்களே, பழைய இடங்களை ஒரே நடையில் கோத்துவிட்டால் என்ன என்று கேட்டார். 4 கிலோமீட்டர், 16 இடங்கள். ஃப்ரீடம் டிரெயில் என்று பெயர். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் 1770 முதல் 1776 வரையிலான விடுதலைப் போராட்டக் கதை முழுவதும் அரை நாளில் முடிந்துவிடும். பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் கோடு சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த 16 இடங்கள் எப்படித் தப்பின, தப்பாதவை எங்கே?

வாஷிங்டன் வீதியில் இருக்கும் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1729-ல் கட்டிய செங்கல் தேவாலயம். தேயிலையைக் கொட்டுவதற்குச் சற்றுமுன் ஏறத்தாழ 5,000 பேர் திரண்ட கூட்டம் இங்கேதான் நடந்தது. ஆங்கிலத்தில் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண்ணான ஃபிலிஸ் வீட்லி, அடிமையாக இருந்தபோதே இந்தச் சபையில் உறுப்பினர். இவ்வளவு பெருமை உள்ள கட்டடம் 1876 ஜூனில் ஏலத்துக்கு வந்தது. சபையார் பேக் பேயில் புதுக் கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய கட்டடத்தை உடைத்துச் சாமான்களை எடுத்துக்கொள்ள 1,350 டாலருக்கு ஒருவர் ஏலம் எடுத்தார். இடிப்பு வேலை தொடங்கியும்விட்டது. பக்கத்திலிருந்த துணிக்கடைக்காரர்கள் குறுக்கே விழுந்து சில நாள் தவணை வாங்கினார்கள். அதற்குள் ஊர்ப் பெண்கள் கிளம்பினார்கள். மேரி ஹெமன்வே என்ற பணக்கார விதவை 1,00,000 டாலர் கொடுத்தார். நிலத்துக்கு 4,00,000 டாலர் கேட்டார்கள். கடன் வாங்கியும், கண்காட்சியும் சொற்பொழிவும் நடத்தியும் அந்தப் பணத்தைப் புரட்டினார்கள்.

அவர்களுக்கு இவ்வளவு பதற்றம் வந்ததற்குக் காரணம் இருந்தது. விடுதலைப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முதல் ஆளுநருமான ஜான் ஹான்காக்கின் மாளிகையை 1863-ல் ஊர் பார்த்துக்கொண்டிருக்கவே தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறாமல் இருந்தது. அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக ஓல்ட் சவுத்தைப் பலரும் சொல்கிறார்கள்.

காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மாற்றிவிட்ட கதையும் உண்டு. நார்த் எண்டில் 1680 வாக்கில் கட்டிய மரவீடு ஒன்று. 1770 முதல் வெள்ளிப் பட்டறைக்காரர் பால் ரெவியர் இதில் குடியிருந்தார். ஆங்கிலப் படை வருகிறது என்று 1775-ல் குதிரையேறிப் போய் எச்சரித்தவர். பிற்காலத்தில் அந்த வீடு ஒண்டுக்குடித்தன வீடாயிற்று. கீழே மளிகைக்கடை, சுருட்டு ஆலை, இத்தாலியர் நடத்திய வங்கி என்று கைமாறியது. 1902-ல் ரெவியரின் வம்சத்தவர் ஒருவர் அதை வாங்கினார், 1908-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். புதுப்பித்தபோது முன்பக்கத்து மூன்றாம் மாடியை எடுத்துவிட்டார்கள், வீடு கட்டிய காலத்துத் தோற்றம் வேண்டும் என்பதற்காக. ரெவியர் குடியிருந்தபோது அந்த மாடி இருந்தது! நாம் இன்று வரிசையில் நின்று பார்ப்பது ரெவியரின் வீட்டைத்தான், ஆனால் ரெவியர் ஒருநாளும் பார்த்திராத தோற்றத்தில்.

கோட்டை விட்டுவிட்டு இப்போது பீக்கன் ஹில் பக்கம் போவோம். தங்கக் கூரை போட்ட மாநிலச் சட்டமன்றம் குன்றின் மேல் இருக்கிறது. 1798-ல் சார்லஸ் புல்ஃபின்ச் கட்டியது. எதிரே சாலையோரத்தில் ஒரு வெண்கலச் சிற்பம். குதிரைமேல் ஒரு வெள்ளை அதிகாரி, பக்கத்தில் துப்பாக்கி தூக்கி நடக்கும் கறுப்பினச் சிப்பாய்கள். மாசசூசெட்ஸின் 54-ஆம் படைப்பிரிவும் அதன் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷாவும். சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் 10 ஆண்டுகளுக்கும் மேலாக இழைத்ததை 1897-ல் திறந்தார்கள். நின்று முகங்களைப் பாருங்கள். ஒரு முகத்தைப் போல் இன்னொன்று இல்லை. தாடி வைத்த நடுவயதுக்காரர், மீசை அரும்பாத பையன், தோளில் போர்வைச் சுருளோடு சலித்துப்போய் நடப்பவர் என்று ஒவ்வொருவரும் தனி ஆள். உயிருள்ள கறுப்பின மனிதர்களை உட்காரவைத்து வடித்தார். அதுவரை அமெரிக்கச் சிற்பத்தில் கறுப்பர்களுக்கு மண்டியிட்டு விடுதலை வாங்குகிற வேடம்தான் வழக்கமாகக் கிடைத்தது.

இந்தப் படையினர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சம்பளம் வாங்காமல் போரிட்டவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்காக 3 டாலர் பிடித்தம். சமமாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒன்றரை ஆண்டு சல்லிக்காசு தொடாமல் இருந்தார்கள். 1863 ஜூலை 18-ல் தென்கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கியதில் ஷாவும் விழுந்தார். எதிரிகள் அவரையும் அவருடைய சிப்பாய்களையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். இழிவுபடுத்துவதாக நினைத்துச் செய்தது. உடலைத் தோண்டி எடுத்துவர வேண்டாம், அவர் அவர்களோடேயே இருக்கட்டும் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் சிற்பத்தின் பின்புறத்தில் 1897-ல் பொறித்தது இறந்துபோன வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை மட்டும். சிப்பாய்களின் பெயர்கள் 1980-களில்தான் ஏறின. இதை நேரில் பார்க்கச் சிலையின் பின்னால் போக வேண்டும். பெரும்பாலானோர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இங்கிருந்து இன்னொரு நடைவழி தொடங்குகிறது, கறுப்பின மரபு வழி. தரையில் கோடு கிடையாது. பீக்கன் ஹில்லின் தென்சரிவில் கப்பல் முதலாளிகளின் மாளிகைகள். வடசரிவில் அந்த மாளிகைகளில் வேலை செய்தவர்களும், முடிதிருத்துவோரும், மாலுமிகளும், துணி வியாபாரிகளுமான சுதந்திரக் கறுப்பர்கள். ஒரே குன்று, இரண்டு உலகம். ஜாய் வீதிக்கு அருகில் சந்துக்குள் ஒளிந்திருப்பதுபோல் ஒரு செங்கல் கட்டடம்: 1806-ல் திறந்த ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ். கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் அமெரிக்காவில் இன்றும் நிற்பவற்றுள் இதுவே பழையது. 1832 ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த இரவில், வில்லியம் லாயிட் கேரிசன் இங்கேதான் அடிமை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு கறுப்பர்கள் வேறு வட்டாரங்களுக்குப் பெயர்ந்தபோது கட்டடம் யூதர்கள் கைக்குப் போய் ஜெபக்கூடமாயிற்று. 1972-ல் அருங்காட்சியகத்தார் வாங்கி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பக்கத்திலேயே 1835-ல் கட்டிய கறுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி. சேரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வீட்டுக்கு அருகில் இருந்த வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி இங்கே வர வேண்டியிருந்தது. அப்பா வழக்குப் போட்டார். அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மாரிஸும், பிற்காலத்தில் செனட்டரான சார்லஸ் சம்னரும் வாதாடினார்கள். 1850-ல் தோற்றார்கள். ஆனாலும் 1855-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தடைசெய்தது. தோற்ற தீர்ப்பு மட்டும் சாகவில்லை. 1896-ல் பிரிவினை செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம் இதையும் ஒரு முன்னுதாரணமாகக் காட்டியது.

ஃபிலிப்ஸ் வீதி 66-ஆம் எண் வீடு லூயிஸ், ஹாரியட் ஹேடன் தம்பதியருடையது. கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள். தப்பி வருகிற மற்றவர்களுக்கு இந்த வீடுதான் அடைக்கலம். 1850-ல் வில்லியம், எலன் கிராஃப்ட் தம்பதியரைப் பிடிக்க ஜார்ஜியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த இருவரும் தப்பி வந்த விதமே ஒரு நாவல். வெளிர்நிறக்காரியான எலன், நோயாளியான வெள்ளைக்காரப் பண்ணையாராக ஆண் வேடம் போட்டாள். கணவன் அவளுடைய அடிமையாக உடன் வந்தான். எழுதத் தெரியாது என்பது விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று வலக்கையைத் தூளியில் கட்டிக்கொண்டாள். பேச்சுக் கொடுப்பவர்களைத் தவிர்க்க முகத்திலும் ஒரு கட்டு. 1848 டிசம்பரில் ரயிலிலும் கப்பலிலுமாக, எலன் முதல் வகுப்பில் உட்கார்ந்தே வர, இருவரும் தப்பி வந்தார்கள். அவர்களைத் தேடி ஆட்கள் வந்தபோது லூயிஸ் ஹேடன் வாசற்படியருகே வெடிமருந்துப் பீப்பாய்களை வைத்துக்கொண்டு, உள்ளே கால் வைத்தால் வீட்டோடு கொளுத்திவிடுவேன் என்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வீடு இன்று தனியார் குடியிருப்பு. சுவரில் பதித்த பலகையைத் தெருவில் நின்று படித்துக்கொள்ளலாம், மணியடிக்கக் கூடாது.

குன்றைவிட்டுக் கீழே இறங்கினால் பெம்பர்ட்டன் சதுக்கம். வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம். தமிழ் வாசகர்கள் தாண்டக் கூடாது. 1835-ல் வெட்டிச் சமப்படுத்திய பெம்பர்ட்டன் குன்று இருந்த இடம் இது. அந்தக் குன்றின் பக்கத்தில் 1649-ல் பிறந்த ஒரு குழந்தை, சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து போய், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, சென்னைப்பட்டினத்தின் ஆளுநராக உயர்ந்தது. எலிஹு யேல்தான் அவர். 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையில் ஆண்டவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. ஊழல் புகாரில் பதவி போயிற்று, ஆனால் சென்னையில் சேர்த்த செல்வம் போகவில்லை. அதிலிருந்து அனுப்பிய சரக்குகளுக்கு நன்றியாகத்தான் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி 1718-ல் அவர் பெயரை வைத்துக்கொண்டது.

அதே பெம்பர்ட்டன் சதுக்கத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் தலைமையகம் இருந்தது. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் போதகர்களை அனுப்பிய சங்கம். சி. வை. தாமோதரம் பிள்ளை படித்த வட்டுக்கோட்டைச் செமினரியையும், மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் தொடங்கியவர்கள் இந்தச் சங்கத்தார்தான். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம், ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதா தமிழிலா என்ற தாவாக்களெல்லாம் கப்பல் தபாலில் பாஸ்டனுக்கு வந்து தீர்ந்தன. சதுக்கத்தில் இன்று நீதிமன்றக் கட்டடம் ஓங்கி நிற்கிறது. பழைய வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அடுத்து, முழு வட்டாரமே மிச்சமில்லாமல் போன இடம். கேம்பிரிட்ஜ் வீதிக்கு வடக்கே வெஸ்ட் எண்ட். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று கலந்து கிடந்த ஐந்து மாடி ஒண்டுக்குடித்தனங்கள், குறுகிய தெருக்கள். 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஸ்பாக், அதாவது நடிகர் லெனார்ட் நிமாய், வளர்ந்தது இங்கேதான். 1950-களில் நகராட்சிக்கு இது சேரியாகத் தெரிந்தது. 1958-ல் நிலத்தைக் கையகப்படுத்தும் உத்தரவு வந்தது. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேறின. 1960-க்குள் மண்மேடு. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் இடிப்புக்குச் சற்றுமுன் பல மாதம் அங்கேயே குடியிருந்து எழுதிய நூல் 1962-ல் வெளிவந்தது. இது சேரி அல்ல, வாடகை குறைந்த, உறவும் நட்பும் இறுகிய குடியிருப்பு என்று அவர் காட்டினார். நகரத் திட்டமிடல் படிக்கிறவர்களுக்கு அது இன்றும் பாடம். புத்தகம் வந்தபோது வீடுகள் இல்லை. அந்த இடத்தில் எழுந்த கோபுர அடுக்ககங்களில் பழைய குடியிருப்பாளர்கள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. அந்த வழியே போகும் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்பவர்களுக்காக, இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீடு சேர்ந்திருப்பீர்கள் என்று விளம்பரப் பலகை வேறு வைத்தார்கள். துரத்தப்பட்டவர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள்!

இடிக்காமல் தப்பிய ஒற்றை ஒண்டுக்குடித்தனக் கட்டடம் லோமஸ்னி வழியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் துணையில்லாமல், ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் போகிறவர்களின் கண்ணில் படும்படி நிற்கிறது. வட்டாரத்து மக்கள் தொடங்கிய சிறு அருங்காட்சியகமும் அருகில் உண்டு. என்னைக் கேட்டால், பாஸ்டனில் ஓர் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் தேயிலைக் கப்பலைவிட இங்கே செலவிடுவது மேல்.

நார்த் எண்டுக்கும் இதே கதி நேர்ந்திருக்க வேண்டியது. 1950-களில் அதன் குறுக்கே உயர்மட்டச் சாலை போட்டு நகரத்திலிருந்து வெட்டிவிட்டதோடு நின்றார்கள். பல ஆண்டுகள் கழித்து, கோடிகோடியாகக் கொட்டி, அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டு மேலே பூங்கா அமைத்தார்கள். ஐரிஷ்காரர், யூதர், பிறகு இத்தாலியர் என்று அலையலையாக வந்து குடியேறிய வட்டாரம். ஹனோவர் வீதியில் இன்று பேக்கரிகளின் வாசலில் கூட்டம் தெருவரை நிற்கும். கூட்டத்தைத் தாண்டிக் கடலோரத்துக்குப் போனால், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு பலகை இருக்கிறது. 1919 ஜனவரி 15-ஆம் தேதி மதியம் அங்கே 50 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்து, 23 லட்சம் காலன் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, அலையாகப் புரண்டு வந்தது. 21 பேர் இறந்தார்கள். வீடுகள் அஸ்திவாரத்திலிருந்து பெயர்ந்தன, உயர்மட்ட ரயில் பாதையின் இரும்புத் தூண்கள் வளைந்தன.

தொட்டி கட்டிய நாள் முதல் ஒழுகியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டப்பாவில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆலைக்காரர்கள் அடைக்கவில்லை, ஒழுகல் தெரியாமலிருக்கத் தொட்டிக்குப் பழுப்பு நிறம் அடித்தார்கள். வெடித்த பிறகு, அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்றார்கள். இத்தாலியக் குடியேறிகள்மேல் அப்படிப் பழி போடுவது அன்று சுலபம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, தொட்டியின் பலவீனம்தான் காரணம் என்று 1925-ல் முடிவாயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. கட்டுமானங்களுக்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்ற விதிகள் இறுகியதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

பாலத்தைக் கடந்தால் சார்லஸ்டவுன். சிவப்புக் கோடும் அங்கேதான் முடிகிறது, பங்கர் ஹில்லின் 221 அடிக் கல்தூணில். 294 படி, லிஃப்ட் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்றுகொண்டு, 1797-ல் கடலில் இறக்கி இன்றும் கடற்படைப் பட்டியலில் இருக்கும் 'கான்ஸ்டிட்யூஷன்' போர்க்கப்பலைப் பார்க்கப் போகலாம். நமக்கு அங்கே வேறொரு துறைமேடையில் வேலை இருக்கிறது. ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன்காரர், சுற்றுவட்டார ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியைக் குதிரை பூட்டிய கலப்பையால் சதுரம் சதுரமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, சார்லஸ்டவுனிலிருந்து கப்பலேற்றினார். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு போனபோது ஊரே சிரித்தது. கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார். நாலு மாதப் பயணத்தில், இருமுறை பூமத்தியரேகையைத் தாண்டி, ஏறத்தாழ 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. சிரிப்பு நின்றது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் டியூடரின் பனிக்கட்டியைச் சேமித்துவைக்க எழுந்த கட்டடத்தைத்தான் நாம் ஐஸ் ஹவுஸ் என்கிறோம். பனிக்கட்டிக் கப்பல்கள் சென்னையில் எப்படிச் சரக்கை இறக்கின, யார் வாங்கினார்கள், வியாபாரம் எப்படிப் படுத்தது என்பதெல்லாம் அடுத்த இதழில்.

(தொடரும்)